மூன்றரை மணிக்கு மேல்: சுங்கை சிப்புட்டிலிருந்து வந்துபோன ஒருவரின் பகல்நேரச் சிகிச்சை

இதை எழுத அவரும் அவர் மனைவியும் சம்மதித்தார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். குடியை விட எங்கள் பகல்நேரச் சிகிச்சை மையத்துக்கு வந்தவர். அங்கே நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். இங்கே "அவர்" என்று மட்டும் எழுதுகிறேன்.

வயது 46. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் கைமாறி செம்பனையானதும் குடும்பம் பட்டணத்து ஓரம் ஒரு குறைந்த விலை வீட்டுக்கு வந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பு நின்றது. இப்போது ஒரு தொழிற்சாலையில் ஜாகா (காவலாளி) வேலை, பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. மனைவி கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மகள் ஐந்தாம் படிவம், மகன் ஆறாம் ஆண்டு.

முதல் நாள் அவரை அழைத்து வந்தது தங்கச்சி. மனைவி வரவில்லை. "அண்ணி வரமாட்டாங்க. மெண்டல் ஆஸ்பத்திரிக்கெல்லாம் நான் வரமுடியாதுன்னுட்டாங்க" என்றார் தங்கச்சி. எங்கள் மையம் மனநல மருத்துவமனை அல்ல, காலையில் வந்து மாலையில் வீட்டுக்குப் போகும் இடம். ஆனால் பேராக்கில் வளர்ந்த யாருக்கும் அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். தஞ்சோங் ரம்புத்தானில் 1911 முதல் இயங்கும் பெரிய மனநல மருத்துவமனை இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. ஊர் வாயில் மட்டும் "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்பது இன்னும் வசைதான். அவர் மனைவி அக்கம்பக்கத்தில் கணவர் சீனி வியாதிக் கிளினிக்குக்குப் போவதாகச் சொல்லி வைத்திருந்தார்.

வந்தபோது இருந்த நிலை

பத்தொன்பது வயதில் கள், அப்புறம் பீர், கடந்த பத்து ஆண்டுகளாகச் சம்சு என்ற மலிவுச் சாராயம். ஒரு நாளைக்கு இரண்டு சின்ன பாட்டில், சம்பள வாரத்தில் மூன்று. இந்த அளவை வீட்டார் குறைவாகவே எடைபோடுகிறார்கள். 150 மில்லி பாட்டில், 40 விழுக்காடு மது என்று வைத்துக்கொண்டால், ஒன்றில் ஏறக்குறைய 47 கிராம் சுத்த மது இருக்கிறது. 10 கிராமை ஓர் அளவு என்று கணக்கிட்டால் ஒரு சின்ன பாட்டில் ஐந்து அளவுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பாட்டில் என்பது தினமும் ஒன்பது அளவுக்கு மேல். "சின்ன பாட்டில்தானே" என்று மனைவியும் நினைத்திருந்தார், அவரும் நினைத்திருந்தார்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்வி குடி மதிப்பீட்டில் 40க்கு 31 வந்தது. 20 வந்தாலே குடிநோய் முற்றியிருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு மேலே விசாரிப்போம். மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்வி அளவையில் 27க்கு 19. அதில் கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்ததா என்பது. அதற்கு மட்டும் "ஒருநாளும் இல்லை" என்று பதில். மற்ற எட்டுக்கும் யோசித்து யோசித்துச் சொன்னவர், இதற்கு மட்டும் கேள்வி முடியும் முன்பே பதில் சொன்னார். நான் அதைக் குறித்துக்கொண்டேன். அன்றைக்கு மேலே போகவில்லை.

இன்னொரு தகவல் தங்கச்சி சொன்னது. இரண்டு ஆண்டுக்கு முன் தைப்பூசத்துக்கு மாலை போட்டார். போட்ட இரண்டாம் நாள் காலை குளியலறை வாசலில் விழுந்து கைகால் இழுத்தது, நுரை தள்ளியது. வீட்டில் எல்லாரும் சாமி குத்தம் என்றார்கள். தீட்டோடு மாலை போட்டுவிட்டார், முருகன் தள்ளிவிட்டார் என்று. அவரும் அப்படியே நம்பினார். மாலையைக் கழற்றினார், அன்று மாலையே குடித்தார், நடுக்கம் நின்றது. "சாமியே வேணாம்னு சொல்லிட்டாரு மிஸ்" என்றார் என்னிடம். இதைச் சொன்னபோதுதான் அவர் குரல் முதல்முறையாக உடைந்தது.

அது சாமி குத்தம் இல்லை. மது மூளையின் வேகத்தை அடக்குகிறது. பல ஆண்டுகள் தினமும் குடிக்கும்போது, மூளை அதற்கு ஈடாகத் தன் வேகத்தைக் கூட்டிப் பழகிக்கொள்கிறது. ஒருநாள் திடீரென்று குடியை நிறுத்தினால் அடக்குவது போய்விடும், கூட்டிய வேகம் மட்டும் நிற்கும். கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்துக்குள் நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரைக்குள் சிலருக்கு மனக்குழப்பமும் இல்லாததைப் பார்ப்பதும் காய்ச்சலும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். இருபத்தைந்து வயதில் அவர் 48 நாள் விரதத்தைச் சிரமமில்லாமல் முடித்திருக்கிறார், ஏனென்றால் அப்போது உடம்பு இந்த அளவுக்குப் பழகவில்லை. ஒவ்வொரு முறை நிறுத்தித் தொடங்கும்போதும் அடுத்த முறை நிறுத்துவது கடினமாகிறது என்பதும் மருத்துவர்கள் கவனித்த விஷயம்.

நம் ஊர்களில் எத்தனையோ ஆண்கள் மாலை போடும் நாளில்தான் குடியை ஒரே அடியாக நிறுத்துகிறார்கள். தினமும் சம்சு குடிப்பவர் மாலை போட நினைத்தால், அதற்கு முன் ஒரு டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும். கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், விரதம் தொடங்கும் வாரத்தில் ஒலிபெருக்கியில் ஒரு வரி சொல்லுங்கள். ஒரு உயிராவது தப்பும்.

ஆறு நாள் வார்டு, அப்புறம் பகல்

வலிப்பு வந்த வரலாறு இருப்பவரை நேரடியாகப் பகல்நேரத் திட்டத்தில் சேர்க்கக் கூடாது. இரவில் வீட்டில் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் முதலில் ஆறு நாள் மருத்துவமனை வார்டில் இருந்தார். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் டயஸெபம் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தார்கள். தயமின், அதாவது வைட்டமின் பி1, ஊசியாகப் போட்டார்கள். நீண்ட நாள் குடிப்பவர்களிடம் அது வற்றிப்போயிருக்கும், அந்த நிலையில் தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் பற்றிப் பேச்சு வந்தது. கல்லீரல் நொதிகள் மிக அதிகமாக இருந்ததால் டாக்டர் தள்ளிவைத்தார்.

ஏழாம் நாள் திங்கட்கிழமை எங்களிடம் வந்தார். காலை 9 முதல் மாலை 3.30 வரை, வாரம் ஐந்து நாள். காலையில் குழுப் பேச்சு, நடுவில் தனி ஆலோசனை, மதியத்துக்குமேல் கைவேலை, உடற்பயிற்சி, வாரம் ஒருமுறை டாக்டர், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குடும்பச் சந்திப்பு. சாப்பாட்டு நேரம் போக வாரம் 27 மணி நேரத்துக்கு மேல். அமெரிக்க அடிமைநோய் மருத்துவக் கழகத்தின் வகைப்பாட்டில் வாரம் 20 மணி நேரமும் அதற்கு மேலும் ஒரு நிலை, 9 முதல் 19 மணி நேரம் அதற்குக் கீழே ஒரு நிலை. வார்டுக்கும் மாதம் ஒருமுறை கிளினிக்குக்கும் இடையே இருக்கும் படிகள் இவை. இந்த யோசனை பழையது. மாஸ்கோவில் 1933இல் படுக்கைத் தட்டுப்பாடு காரணமாகத் தொடங்கிய பகல் மருத்துவமனையும், 1946இல் மாண்ட்ரியலிலும் லண்டனிலும் தொடங்கியவையும் இதற்கு முன்னோடிகள்.

இந்த முறையில் நல்லது என்று எல்லாரும் சொல்வது, ஆள் தினமும் வீட்டுக்குப் போவதைத்தான். கற்றதை அன்றைக்கே வீட்டில் செய்து பார்க்கலாம், பிள்ளைகளைப் பிரியவேண்டாம். இந்த ஒருவரிடம் நான் கற்றுக்கொண்டது, அந்த வீட்டுக்குப் போகும் நேரம்தான் ஆபத்தும் என்று. அதை நாங்கள் திட்டத்துக்குள் கொண்டுவராமல் வாசலிலேயே விட்டிருந்தோம்.

முதல் இரண்டு வாரம்

குழுவில் பேசவே இல்லை. குழு மலாயில் நடந்தது, மலாய், சீன, இந்திய மூவினத்தாரும் இருப்பார்கள். அவருக்கு மலாய் நன்றாகத் தெரியும், வேலையிடத்தில் நாள் முழுக்கப் பேசுவது அதுதான். ஆனால் மலாயில் அவருக்கு வேலை பேச வரும், வருத்தம் பேச வராது. கொடுத்த பயிற்சித் தாள்களை வெறுமையாகவே திருப்பித் தந்தார். கூடப் பணிபுரிந்த ஒருவர் "ஒத்துழைப்பு குறைவு" என்று பதிவேட்டில் எழுதினார். நானும் அதை மறுக்கவில்லை. இரண்டாம் வாரம்தான் தனியாகக் கேட்டேன். படிக்க முடிகிறது, எழுத வெட்கமாக இருக்கிறது என்றார். மறுநாளிலிருந்து தாளை விட்டுவிட்டோம். கேள்வியை நான் தமிழில் சொல்வேன், பதிலை அவர் கைப்பேசியில் குரலாகப் பதிவு செய்வார். தமிழ் பேசும் நான்கு பேரை மட்டும் வைத்து மதியம் ஒரு சின்னக் குழுவும் தொடங்கினோம். முதல் நாளே நாற்பது நிமிடம் பேசினார், பெரும்பகுதி லயத்தைப் பற்றி. தோட்டத்துக் கள்ளுக்கடையிலிருந்து அப்பாவைக் கூட்டிவர அம்மா அனுப்பும் சிறுவன் இவர்தான்.

கள்ளுக்கடை என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டங்களிலேயே கள்ளுக்கடை இருந்தது, கூலியாகக் கொடுத்த காசு அங்கேயே திரும்பிப் போனது. 1947இல் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் அந்தக் கடைகளுக்கு முன்னால் மறியல் செய்தார்கள், போலீஸ் அடியும் வாங்கினார்கள். குடி என்பது தமிழனின் குணம் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தத் தொண்டர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களும் நம் தோட்டத்துப் பிள்ளைகள்தான்.

ஏழாம் தேதி

மூன்றாம் வாரம் புதன்கிழமை, தேதி ஏழு. நம் வேலைச் சட்டப்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் நாளுக்குள் கொடுக்கப்படவேண்டும். அவர் கம்பெனி கடைசி நாளில்தான் போடும். அன்று 3.30க்குச் சிரித்துக்கொண்டே கிளம்பினார். குழுவில் அன்றைக்குப் பேசிய தலைப்பு, ஆபத்தான சூழல்களை அடையாளம் காண்பது. நன்றாகவே பதில் சொன்னார். சம்பள நாள் என்ற சொல் அந்த அறையில் ஒருவர் வாயிலும் வரவில்லை, என் வாயிலும்.

வியாழன் வரவில்லை. போனை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை தங்கச்சியோடு வந்தார், கண் வீங்கி, தலை நிமிராமல்.

அன்று காலை முழுக்க நானும் அவரும் ஒரே ஒரு வேலை செய்தோம். புதன் மூன்றரை மணியிலிருந்து இரவு வரை நடந்ததை நிமிடம் நிமிடமாக வரிசைப்படுத்தினோம். ஐந்து மணிக்குச் சுங்கை சிப்புட் பஸ் நிலையம். வீட்டுக்கு நடக்கும் வழியில் பணம் எடுக்கும் இயந்திரம். அதே வரிசையில் நாலு கடை தள்ளி, சம்சு விற்கும் கடை. மனைவி ஷிப்டு முடிந்து வீடு வர ஏழரை. பிள்ளைகள் டியூஷன். ஐந்திலிருந்து ஏழரை வரை, கையில் காசோடு, யாரும் இல்லாத இரண்டரை மணி நேரம். இருபது ஆண்டுகளாக அந்த இரண்டரை மணி நேரத்தை அவர் கழித்த விதம் ஒன்றுதான்.

இதை முதல் நாளே கேட்டிருக்கவேண்டும். எந்த பஸ், எங்கே இறங்குவீர்கள், எந்த வழியாக நடப்பீர்கள், சம்பளம் எப்போது, எப்படி வரும், வீட்டில் அப்போது யார் இருப்பார்கள். எங்கள் சேர்க்கைப் படிவத்தில் பதினோரு பக்கம் இருந்தது, இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட அதில் இல்லை. தோட்டத்தில் வளர்ந்தவள் நான், சம்பள நாள் என்றால் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. இருந்தும் கேட்கவில்லை. அது என் தவறு, அவரிடமும் அப்படியே சொன்னேன்.

அப்படிச் சொன்ன பிறகுதான் அவர் மனச்சோர்வு அளவையின் ஒன்பதாம் கேள்விக்கு, அந்தக் கடைசிக் கேள்விக்கு, உண்மையான பதிலைத் தந்தார். தம்பி நான்கு ஆண்டுக்கு முன் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதிலிருந்து அந்த எண்ணம் இவருக்கும் வந்துபோகிறது, புதன் இரவு மிக அருகில் வந்தது. ஏன் முன்பே சொல்லவில்லை என்றதற்கு, "சொன்னா போலீஸ் கேஸ் ஆகும்னு பயந்தேன் மிஸ்" என்றார். தம்பி முன்பு ஒருமுறை முயன்று பிழைத்தபோது வீட்டுக்குப் போலீஸ் வந்திருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது என்று அவருக்குத் தெரியாது. சட்டம் மாறியது கோலாலம்பூரில். அது சுங்கை சிப்புட் லயத்துக்காரர் காதுக்குத் தமிழில் போய்ச் சேரவில்லை.

அன்றே டாக்டர் பார்த்தார். குடியை நிறுத்திச் சில வாரம் ஆனபின் மனச்சோர்வு தானாகக் குறைகிறதா என்று பார்ப்பது வழக்கம், ஏனென்றால் குடியே பாதிச் சோர்வை உண்டாக்கும். இவர் விஷயத்தில் காத்திருக்க இடமில்லை என்று டாக்டர் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரையைத் தொடங்கினார். வீட்டில் ஆபத்தானவை என்று அவரே சொன்னவற்றைத் தங்கச்சி எடுத்துப்போனார். அந்த எண்ணம் வந்தால் யாரை முதலில் கூப்பிடுவது, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்று பேசி, சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான 15555ஐயும் சேர்த்து, எல்லாவற்றையும் அவர் குரலிலேயே கைப்பேசியில் பதிவு செய்துகொண்டார்.

மாற்றி அமைத்தது

சம்பள அட்டையை மனைவியிடம் கொடுக்கலாமே என்று முதலில் எல்லாருக்கும் தோன்றும். நானும் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "என் சம்பளத்த நான் வாங்கலன்னா வீட்டுல நான் யாரு?" கேள்வி நியாயமானது. அடுத்த குடும்பச் சந்திப்புக்கு மனைவி வந்தார், முதல்முறையாக. அரை மணி நேரம் வாய் திறக்கவில்லை. வலிப்பு ஏன் வந்தது என்று டாக்டர் விளக்கியபோது மட்டும் நிமிர்ந்தார். "அப்ப சாமி குத்தம் இல்லையா?" என்று இரண்டு முறை கேட்டார். அப்புறம் அழுதார். இரண்டு ஆண்டாக அந்த வீட்டில் அவர்மேல் இருந்த கோபத்துக்கு அடியில் அந்தப் பயமும் இருந்திருக்கிறது, சாமியே கைவிட்டவரோடு வாழ்கிறோம் என்ற பயம்.

பணத்துக்கு வழி சொன்னதும் மனைவிதான். ஏழாம் தேதி எடுக்கவேண்டாம், அடுத்து வரும் சனிக்கிழமை காலை இருவரும் சேர்ந்து பசாருக்குப் போகும்போது கணவரே தம் கையால் எடுப்பார். அட்டை அதுவரை அலமாரியில். தினமும் பஸ் நிலையத்துக்கு ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி, கடை வரிசைப் பக்கம் போகாமல் தங்கச்சி வீட்டுக்கு நடந்து, ஏழு மணி வரை அங்கே டீ குடித்துவிட்டு வீடு திரும்புவது. தங்கச்சி மகனுக்கு வாய்ப்பாடு சொல்லித் தருவது அவர் வேலையாயிற்று. மையத்தில் நாங்கள் செய்தது சிறியது. ஏழாம் தேதிகளில் மட்டும் ஒருவர் மாலை ஆறு மணி வரை இருப்போம், வர நினைப்பவர் வரலாம். சேர்க்கைப் படிவத்தில் பன்னிரண்டாம் பக்கம் ஒன்று சேர்த்தோம், முழுக்க மூன்றரைக்கு மேல் என்ன நடக்கும் என்ற கேள்விகள்.

வேலைதான் தீராத சிக்கலாக இருந்தது. இரண்டு ஆண்டு தாண்டி ஐந்து ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்குச் சட்டப்படி ஆண்டுக்கு 18 நாள் நோய் விடுப்பு. வார்டில் படுத்த நாளுக்கு வேறு கணக்கு உண்டு, ஆனால் காலையில் வந்து மாலையில் போகும் நாளை அவர் கம்பெனி அப்படி எண்ணவில்லை. மூன்று வாரத்திலேயே எம்சி, அதாவது அந்த நோய் விடுப்பு, ஏறக்குறைய தீர்ந்தது. பகல்நேரச் சிகிச்சையின் பெரிய ஓட்டை இது. வார்டில் படுத்தால் விடுப்பு உண்டு, வீட்டிலிருந்து வந்துபோனால் இல்லை என்றால், மலிவான, குடும்பத்தைப் பிரிக்காத வழியை ஏழைத் தொழிலாளி தேர்ந்தெடுக்கவே முடியாது. நான்காம் வாரத்திலிருந்து வாரம் இரண்டு நாளாகக் குறைத்தோம். ஒன்று அவருடைய ஓய்வு நாள், இன்னொன்று சம்பளமில்லா விடுப்பு. இரவு ஷிப்டு மட்டும் போடவேண்டாம் என்று டாக்டர் எழுதிய கடிதத்தை மேற்பார்வையாளர் ஏற்றுக்கொண்டார். கடிதத்தில் குடி என்ற சொல் இல்லை.

எட்டு மாதம் கழித்து

பன்னிரண்டாம் வாரம் முடிந்தபோது மனச்சோர்வு அளவை 8. கல்லீரல் நொதிகள் இறங்கின. பிறகு இரண்டு முறை சறுக்கினார். ஒன்று உறவுக்காரர் கல்யாணத்தில், இன்னொன்று தம்பியின் திதியன்று. இரண்டு முறையும் மறுநாளே தாமாகப் போன் செய்தார். திதியன்று நடந்ததை நாங்கள் முன்பே யூகித்திருக்கலாம், தேதி பதிவேட்டிலேயே இருந்தது. தூக்கம் இன்னும் சரியாகவில்லை. மகள் அவரோடு பேசுகிறாள், ஆனால் பணம் கேட்கும்போது அம்மாவிடம்தான் கேட்கிறாள். அது அவருக்கு வலிக்கிறது. மனைவி இப்போதும் அக்கம்பக்கத்தில் சீனிக் கிளினிக் என்றுதான் சொல்கிறார். நான் அதைத் திருத்தச் சொன்னதில்லை.

போன மாதம் தொடர் சந்திப்புக்கு வந்தபோது, இந்தத் தைப்பூசத்துக்கு மாலை போடலாமா என்று டாக்டரிடம் கேட்டார். குடிக்காமல் இருப்பவருக்கு அந்த வலிப்புப் பயம் இல்லை, போடலாம், மாத்திரையை மட்டும் நிறுத்தவேண்டாம் என்றார் டாக்டர். ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டுதலாம்.

வெளியே வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். "மிஸ், விரதம் நாப்பத்தெட்டு நாளும் நான் விழமாட்டேன். சின்ன வயசுலேர்ந்து தெரியும். மாலைய கழட்டுற அன்னிக்குத்தான் எல்லாரும் தண்ணி போடுவோம். அடுத்த நாள் வேல வேற இருக்கும், அப்பவும் போடுவோம். எனக்குப் பூசம் முடிஞ்ச சாயங்காலமும் மறுநாளும்தான் பயம்."

தைப்பூசம் பேராக்கில் பொது விடுமுறை, மையம் மூடியிருக்கும். நாட்காட்டியை எடுத்து அந்த மாலைக்கு நேராக என் பெயரையும் போன் நம்பரையும் எழுதினேன். மறுநாள் 3.30க்குப் பிறகு என்ற இடத்திலும் எழுதினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அஞ்சு மணிக்குத் தங்கச்சி வீடுன்னும் எழுதிக்கங்க மிஸ்" என்றார். எழுதிக்கொண்டேன்.